எட்டாம் பக்கத்தில் இடமில்லை

கல்லூரியில் அவருக்குப் பெயர் மார்ஜின். முகத்துக்கு நேரே மார்ஜின் சார். முதுகுக்குப் பின்னால் வெறும் மார்ஜின். தொழில்நுட்ப இதழுக்கு ஆய்வுக் கட்டுரை அனுப்பப் போகிறவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும், அனுப்புவதற்கு முன்னால் இவருடைய மேசையருகே வந்து தலையைச் சொறிந்தபடி நின்றாக வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு வெள்ளை விடுவது, பக்கத்தில் இடமும் வலமுமாக நிற்கும் இரண்டு பத்திகளுக்கும் நடுவே எவ்வளவு சந்து, படத்துக்கு விளக்கம் மேலேயா கீழேயா, மேற்கோள் பட்டியலில் இதழின் பெயருக்கு அப்புறம் கமாவா புள்ளியா என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். உண்மையில் அவர் படித்ததும் பாடம் எடுப்பதும் குழாயில் தண்ணீர் ஓடும் விதத்தைப் பற்றி. அதில் சந்தேகம் கேட்டு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

இது ஒரு வியாதி என்று அவருக்கே தெரியும். ஹோட்டலில் மெனு அட்டையை நீட்டினால் பசி மறந்து, விலைகள் ஒரே கோட்டில் நிற்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பார். சக ஆசிரியர் ஒருவரின் மாமனார் இறந்தபோது அறிவிப்புப் பலகையில் இரங்கல் தாள் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் தலை குனிந்து நிற்க, இவர் மட்டும் “படம் கொஞ்சம் இடது பக்கம் போயிடுச்சு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்த ஆசிரியர் இன்றுவரை இவருக்குச் சரியாக முகம் கொடுப்பதில்லை. கட்டுரை அனுப்புகிற மாதத்தில் மட்டும் கொடுப்பார்.

இப்படி ஊரார் கட்டுரையை எல்லாம் குளிப்பாட்டித் தலைவாரி அனுப்பிக்கொண்டிருந்தவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு சொந்தமாக ஒன்று எழுதினார். மாடி வீட்டுக்காரர் குழாயைச் சட்டென்று மூடும் போதெல்லாம் இவர் வீட்டுச் சுவருக்குள் ‘டங்’ என்று ஓர் அடி விழும். மேலே போய்ச் சண்டை போடத் தைரியம் இல்லாததால் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆய்வுக்கூடத்தில் குழாயை வளைத்து வளைத்துப் போட்டு, வால்வைப் பல வேகங்களில் மூடி, எப்படி மூடினால் அடி விழாது என்று கணக்குப் பார்த்தார். ஒருநாள் துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, “முழுக்க மெதுவா மூடணுமா என்ன? கடைசிக் கால் சுற்றை மட்டும் மெதுவா மூடிப் பாருங்களேன்” என்றார். கட்டுரையே அந்த ஒரு யோசனையின் மேல்தான் நின்றது. ஆகவே முதல் பெயர் இவருடையது, இரண்டாம் பெயர் தலைவருடையது. முதல் பெயரைத் தட்டச்சு செய்த அன்று, எழுத்தளவு சரியா என்று பார்க்கும் சாக்கில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டார். மாடி வீட்டுக்காரர் இன்னும் டங்கென்றுதான் மூடுகிறார்.

இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. இறுதி வடிவத்தைச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அவகாசம் வாங்கியாயிற்று. இந்த முறை தவறினால் ஏற்றுக்கொண்டதே ரத்து என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எட்டுப் பக்கம்தான் அனுமதி. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும் அங்கிருக்கும் எந்திரம் கட்டுரைக் கோப்பை வாங்காது.

அவகாசம் கேட்டது ஏதோ கணக்கைச் சரிபார்க்க என்று தலைவர் நினைத்திருந்தார். அது அல்ல. அந்த இதழில் கட்டுரை முடிந்ததும், எழுதியவர்களின் சின்னப் புகைப்படமும் பக்கத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பும் வரும். தன்னைப் பற்றித் தானே, யாரோ சொல்வது போல, ‘இவர்’ என்று ஆரம்பித்து எழுத வேண்டும். கட்டுரையை இரண்டு மாதத்தில் எழுதியவருக்கு அந்த ஏழு வரிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆனாலும் அது வேண்டும் என்று இருந்தது. எத்தனையோ பேரின் படத்தை அந்த மூலையில் நேராக வைத்துக் கொடுத்தவருக்கு, ஒரே ஒரு முறை அதே மூலையில் தன் படமும் பக்கத்தில் நாலு வார்த்தையும் அச்சில் வர வேண்டும். ஆசை அவ்வளவுதான். யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து முடித்தபோது, ஒன்பதாம் பக்கத்தின் உச்சியில் நான்கு வரிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

வரைபடத்தைச் சுருக்கினார், எண்கள் எறும்பு ஊர்வது மாதிரி ஆகிவிட்டன. மேற்கோள்களில் ஒன்றை எடுக்கலாமா என்றால், எடுத்தால் மீதி அத்தனைக்கும் எண் மாறும். வரிகளின் இடைவெளியை ஒரு மயிரிழை குறைத்தால் போதும். ஆனால் அப்படிச் செய்தால் எந்திரம் கண்டுபிடித்துவிடும் என்று இளைய ஆசிரியர்களைக் கூட்டி வைத்து விரல் ஆட்டிச் சொன்னவரே அவர்தான். வெட்டுவதற்கு மிச்சம் இருந்தது வாழ்க்கைதான்.

தலைவரின் குறிப்பு பதினைந்து வரிக்கு நீண்டு கம்பீரமாக நின்றது. அதைத் தொடக் கை வரவில்லை. கேட்டால் மறுத்துப் பேச முடியாத ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது தலைவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? தன்னுடையதில் கத்தியை வைத்தார். எங்கே பிறந்தால் என்ன, தண்ணீருக்கு அது தெரியவா போகிறது என்று பிறந்த ஊரை எடுத்தார். பள்ளியில் வாங்கிய பரிசு போயிற்று. அது நல்ல கையெழுத்துக்கான பரிசு, தட்டச்சு செய்த கட்டுரையில் அதைச் சொல்வதே அபத்தம் என்று சமாதானம் செய்துகொண்டார். ஆய்வுக்கூடத்தில் கழிந்த இருபது வருடத்தை ஒரு விசையில் அழித்தார். கடைசியில் ‘இவர் இக்கல்லூரியில் பணிபுரிகிறார்’ என்ற ஒரே வரி மிஞ்சியது. கல்லூரியின் வாட்ச்மேனுக்கும் பொருந்துகிற வரி.

நிமிர்ந்து பார்த்தால் ஒன்பதாம் பக்கத்தில் நான்கில் ஒரு வரி கூடக் குறையவில்லை. ஏன் என்று விளங்கியபோது தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். படத்துக்கென்று ஒரு உயரம் உண்டு. பக்கத்தில் இருக்கும் எழுத்தை அந்த உயரத்துக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் இடம் மிச்சமாகாது. இதையும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தன்னைத்தானே சும்மா காலி செய்திருக்கிறார்.

அப்போதுதான் மனைவி உள்ளே வந்தாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. நாள் முழுக்கப் புதியவர்களின் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள் என்பதால் வீட்டில் எதற்கும் பதறமாட்டாள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, இவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

“என்னங்க இது, ஒரு வரி? போன வாரம் ஏழு வரி படிச்சுக் காட்டினீங்களே.”

“இடம் இல்ல.”

“அவருக்கு மட்டும் இவ்வளவு இருக்கு?”

“அவர் தலைவர்.”

“கேட்டா கடிச்சா தின்னுடுவாரு? போன் பண்ணி நாலு வரி குறைங்கன்னு சொல்லுங்க.”

“எப்படிச் சொல்றது? அவர் வாழ்க்கை அது. நான் போய் வெட்டுங்கன்னு...”

“உங்களோடதை மட்டும் கேக்காம வெட்டினீங்க?” அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கிட்டே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவங்களை நான் தினமும் பாக்கிறேன். வண்டி நகராது, புகைதான் வரும். எடுங்க போனை.”

எடுத்தார். மணி அடிக்கும்போதே வைத்துவிடலாமா என்று பார்த்தார். மனைவி கண்ணை எடுக்கவில்லை. தலைவர் எடுத்ததும் வானிலை, உடம்பு, தேர்வு அட்டவணை என்று சுற்றி வளைத்துப் பேசி, மென்று விழுங்கி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“சார், நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா... உங்க குறிப்புல அந்தச் செடி விஷயம் கொஞ்சம் நீளமா இருக்கு.”

போயிற்று, கட்டுரையும் போயிற்று, வேலையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

“எந்தச் செடி விஷயம்? படிங்க.”

படித்தார். “‘அரிய வகைச் செடிகளைத் தேடிச் சேகரிப்பதில் இவருக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. ஓய்வு நேரத்தைத் தம் தோட்டத்தில் கழிக்கிறார்...’”

“அதை எடுங்க முதல்ல!” தலைவரின் குரல் போனைத் தாண்டி மேசைக்கே கேட்டது. “எனக்குத் தோட்டமே கிடையாது. மூணாவது மாடியில எங்கய்யா தோட்டம்?”

“அப்ப இது... யார் எழுதினது சார்?”

“நீங்கதான்! என்னோட பழைய கட்டுரை ஒண்ணை அனுப்பினப்ப, கடைசிப் பக்கத்துல ரெண்டு பத்தியும் சமமா வரல, ஏதாவது போட்டு நிரப்பிடறேன்னு சொன்னீங்களே, ஞாபகம் இல்லையா? அப்புறம் எல்லாக் கட்டுரையிலயும் அதையே ஒட்டி ஒட்டி அனுப்பினீங்க. கருத்தரங்குக்குப் போற இடத்துல எல்லாம் பொன்னாடைக்குப் பதிலா செடியைக் கொடுக்கறாங்க. என்ன பண்றதுன்னு தெரியல. பாதி செத்துப்போச்சு. வீட்ல தினமும் எனக்குத் திட்டு.”

“சார், நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே.”

தலைவரின் குரல் இறங்கியது. “படிச்சுப் பாத்தேன். அழகா இருந்துச்சு. பெரிய மனுஷன் மாதிரி தெரிஞ்சேன். சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இப்ப எடுத்துடுங்க. படிப்பும் வேலையும் போதும். மிச்ச இடத்துல உங்களைப் பத்திப் போடுங்க. முதல் பெயர் உங்களோடதுதானே?”

போனை வைத்ததும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருக்கிறோம் என்று உள்ளே குறுகுறுத்தது. சேமித்து வைத்திருந்த பழைய கட்டுரைகளைத் திறந்து, ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்துக்கும் போய்ப் பார்த்தார். மின்னியல் துறை ஆசிரியர் நீண்ட தூர நீச்சலில் ஈடுபாடு உள்ளவராம். அவர் வாளித் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கி நிற்கிறவர். வேதியியல் அம்மா மாலை வேளைகளில் வயலின் வாசிக்கிறாராம். நூலகர் மலைப்பாதைகளில் நடப்பதை விரும்புகிறவராம். அந்த மனிதருக்கு முழங்கால் தேய்ந்து வருடக்கணக்காகிறது. ஒருவர் கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைசிப் பக்கம் மட்டும் எல்லாவற்றிலும் அம்சமாக இருந்தது.

சிரித்துக்கொண்டே படித்து வந்த மனைவி ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

“நீச்சல் கத்துக்கணும்னு சொல்லிட்டிருந்தது நீங்கதானே?”

அவர் அடுத்த கட்டுரையைத் திறந்தார்.

“வயலின் கிளாஸுக்கு நாலு நாள் போயிட்டு நின்னது யாரு? நமக்குக் கல்யாணம் ஆன புதுசுல மலைக்குப் போலாம், மலைக்குப் போலாம்னு உசுரை வாங்கினது யாரு?” அவள் குரலில் இப்போது கேலி இல்லை. “உங்களைத்தான் எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்திருக்கீங்க. அதான் உங்களுக்கு எழுத ஒண்ணும் மிச்சமில்லை.”

அவர் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போய், குடிக்காமல் திரும்பி வந்தார். இத்தனை வருடமும் காலி இடத்தை நிரப்புகிறோம் என்று நினைத்துச் செய்த வேலை. வெட்கமாகவும் இருந்தது, தன் மேலேயே கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது. ஆறு மணிக்கு அதிக நேரம் இல்லாததால் இரண்டையும் ஒத்திவைத்தார்.

படத்தின் உயரத்தைத் தாண்டி நீண்டிருந்த தலைவரின் குறிப்பைச் சுருக்கியதும் ஒன்பதாம் பக்கம் மறைந்து, எட்டாம் பக்கத்தின் அடியில் இடமும் கிடைத்தது. அழித்ததை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தார்: பிறந்த ஊர், கையெழுத்துப் பரிசு, இருபது வருடம். அப்படியும் இரண்டு வரி மீதி இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டச்சு செய்தார்: ‘செடி வளர்ப்பதில் ஆர்வம் உள்ளவர். இதுவரை ஒரு செடியும் வளர்த்ததில்லை.’

“இதையெல்லாம் போடலாமாங்க?”

“கூடாதுன்னு விதியில எங்கேயும் இல்ல. நான் எல்லா விதியும் படிச்சிருக்கேன்.”

எந்திரம் கோப்பை மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை இவர் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, சன்னல் ஓரத்தில் வரிசையாகத் தொட்டிகள் இருந்தன. தலைவர் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். பாரம் இறங்கிய முகம். “எல்லாம் அரிய வகை. இனி உங்க பாடு” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பாதிக்கு மேல் வெறும் குச்சிகள். பழக்க தோஷத்தில் ஸ்கேலை எடுத்துத் தொட்டிகளுக்கு நடுவே இடைவெளி சரியா என்று அளந்தார். அப்புறம்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

சில வாரம் கழித்து, அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கச் சொல்லி இதழிலிருந்து அச்சுப்படி வந்தது. உண்மைக்கு மாறான தகவல் இருந்தால் மட்டும் திருத்தலாம், வேறெதையும் தொடக்கூடாது என்று கூடவே ஒரு குறிப்பு. எட்டாம் பக்கத்தின் மூலையில் அவர் படம் நேராக நின்றது. ஓரம், சந்து, கமா, புள்ளி எதிலும் குறை இல்லை. அதை முடித்துவிட்டுச் சன்னல் பக்கம் போனார். செத்தே போயிற்று என்று அவர் நினைத்திருந்த ஒரு குச்சியில், முந்தின நாள் இல்லாத ஒரு இலை இருந்தது. மற்றவர்கள் பார்த்தால் இலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவு சின்னது. மனைவிக்குப் போன் செய்து சொன்னார். “ஒரு இலைக்கா போன் பண்ணீங்க?” என்று கேட்டாள், கேட்டுவிட்டு, எந்தச் செடி, எந்தப் பக்கம் என்று விவரம் எல்லாம் விசாரித்தாள்.

மேசைக்குத் திரும்பி வந்து, தன் குறிப்பின் கடைசி வாக்கியமான ‘இதுவரை ஒரு செடியும் வளர்த்ததில்லை’ என்பதைச் சிவப்பு மையால் அடித்தார். அந்த இடத்தில் ஒரு வரி காலியாக நின்றது. இரண்டு பத்திகளும் சமமாக இல்லை. அதை அப்படியே விட்டு, அச்சுப்படியை அனுப்பிவைத்தார்.