முகத்துவாரத்தில் காணாமற்போன ஜெயசீலனுக்காக நான் செய்த ஜெபம்

அன்பான சபையாரே, என் விசுவாசம் செத்துப்போன ஒரு திங்கட்கிழமையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் தச்சு வேலை செய்பவன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடற்கரைக்குப் போய்விடுவேன். குளிக்க வருகிறவர்களையும் படகில் சுற்றுகிறவர்களையும் பார்த்துக்கொள்ளும் தொண்டர்கள் நாங்கள் ஆறு பேர். அவர்களில் ஜெயசீலனை வற்புறுத்திச் சேர்த்தவன் நான்.

கடந்த மார்கழியில் வாவி நிரம்பி, தண்ணீர் வடிவதற்காக முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். வெள்ளம் கடலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிறு மத்தியானம் ஒரு குடும்பம் வாவியில் போன படகின் இயந்திரம் நின்றுபோக, நீரோட்டம் அவர்களை முகத்துவாரத்துக்கு இழுத்தது. நானும் ஜெயசீலனும் எங்கள் சின்னப் படகில் விரைந்தோம். நெருங்கும்போதே அவர்களுடைய படகு கவிழ்ந்தது. தாயையும் இரண்டு பிள்ளைகளையும் தூக்கி ஏற்றினோம். ஜெயசீலன் தன் உயிர்காப்பு அங்கியைக் கழற்றி அந்தத் தாய்க்குப் போட்டுவிட்டு, தகப்பனைப் பிடிக்கப் பாய்ந்தான். அலை இருவரையும் மூடியது.

நான் படகைத் திருப்பினேன். திருப்பாவிட்டால் பிள்ளைகளும் போயிருப்பார்கள். ஆனாலும் திருப்பியது நான்தான்.

கரையில் ஜெயசீலனின் மனைவி சுகந்தி நின்றாள். அழவில்லை.

"அவர விட்டுட்டு நீங்க மட்டும் எப்பிடி வந்தநீங்க, அண்ணன்?"

நான் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கரையில் இறக்கினேன்.

கடற்படையினரும் மீனவர்களும் தேடினார்கள். தெற்கே கடலோரம் முழுக்கச் சொல்லி அனுப்பினோம். "ஆண்டவரே, அவனை உயிரோடு தாரும்" என்று மணலில் விழுந்து கேட்டேன். திங்கள் காலை அந்தத் தகப்பனின் உடல் கரையொதுங்கியது. அதைப் பார்த்த பிறகு அந்த ஜெபம் என் வாயில் வரவில்லை. "உடலையாவது தாரும், சுகந்தி அடக்கம் பண்ணட்டும்" என்று மட்டும் கேட்டேன். பட்டறைக்குப் போய்ச் சவப்பெட்டிக்குப் பலகை தெரிந்தெடுத்தேன். அவனுடைய உயரம் எனக்குத் தெரியும். அளந்துகொண்டிருந்தபோது, நான் ஆண்டவரை நம்பவில்லை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

பின்னேரம் கைபேசி அடித்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மீனவர் ஒருவர்.

"நீங்க தேடுற ஆள் எங்கட போட்டில இரிக்காரு. உசிரு இரிக்கி. கெதியா வாங்க!"

வலையிலிருந்து அறுந்த பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் உப்பில் வெடித்த உதடுகளால் அவன் முதலில் கேட்டது இதுதான்.

"அந்த மனிசன் எங்க, அண்ணன்?"

"அவரு போயிட்டாரு, தம்பி."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய தோள்கள் குலுங்கின. நானும் அழுதேன். நன்றியா, துக்கமா, தெரியவில்லை.

அந்தத் தாயும் அதே மணலில் இருந்துதான் மன்றாடினாள். அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசவும் மாட்டேன். நான் பாதியில் கைவிட்ட ஜெபத்தை ஆண்டவர் கைவிடவில்லை என்பது மட்டும் தெரியும். அதற்காகத் தினமும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஜெயசீலன் மறுபடி கடற்கரைக்கு வருகிறான். முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில், யார் ஏசினாலும், படகு இறங்கும் இடத்தில் நின்று மறிக்கிறோம்.

நம்பிக்கை இல்லாத வாயாலும் கேளுங்கள், சபையாரே. அவர் கேட்கிறார். இன்று முழங்காலில் நிற்கும்போது, அந்தத் தாயையும் இரண்டு பிள்ளைகளையும் முதலில் சொல்லுங்கள்.