மச்சினனுக்குத் தைத்த சிவப்புப் பனியன்

என் மனைவியின் தம்பி தொழில்முறைக் கால்பந்து வீரன். இதை நான் யாரிடமும் சொன்னதே கிடையாது. சொல்ல விடமாட்டார்கள். "நீங்க அந்த ஃபுட்பால் பிளேயரோட மாமாதானுங்களே?" என்று அவர்களே கேட்டுவிடுவார்கள். வங்கியில் கேட்பார்கள், சாயப்பட்டறையில் கேட்பார்கள், சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கிற இடத்தில் ஊசியைக் குத்திக்கொண்டே கேட்பார்கள். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். எனக்கும் ஒரு பெயர் இருந்தது. அவன் கோவா பக்கத்து கிளப் ஒன்றில் கையெழுத்துப் போட்ட அன்றோடு அது புழக்கத்திலிருந்து போய்விட்டது.

பொறாமையா என்றால், ஆமாங்க. கல்யாணமான புதிதில் அந்தக் குடும்பத்திலேயே பந்து ஆடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மாவட்ட அணியில் பேக், அதாவது தடுப்பாட்டம், ஆடியவன். "நம்ம மாப்பிள்ளை ஃபுட்பால் பிளேயருங்க" என்று மாமனார் விருந்தாளிகளிடம் காட்டுவார். பிறகு அவர் மகன் வளர்ந்தான். என்னைக் காட்டுவதை அவர் நிறுத்திக்கொண்டார்.

நல்லா ஆடிக்கொண்டிருந்தவனுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நிணநீர்க் கணுவில் புற்றுநோய் என்றார்கள். கோயமுத்தூரில் கீமோ. வீடே அவனைச் சுற்றி ஓடியது. மாதுளை ஜூஸ் அவனுக்கு, நாட்டுக்கோழிச் சாறு அவனுக்கு. நான் காலையில் சாப்பிட்டேனா என்று கேட்க நாதியில்லை. அந்த வாரமே கண்ணாடி முன் நின்று என் கழுத்தை அமுக்கிப் பார்த்தேன். எனக்கும் இருந்தது. அவனுடைய டாக்டரிடமே போய் உட்கார்ந்துவிட்டேன்.

"ரெண்டு பக்கமும் இருக்குதுங்களா?" என்றார்.

"ஆமாங்க டாக்டர். ஒரே சைசுல இருக்குதுங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். "இது உங்க தாடை எலும்புங்க."

காரில் திரும்பும்போது, அவிநாசி தாண்டியதும் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "அவன் சீக்குலகூட பங்கு வேணுமாங்க உங்களுக்கு?"

கீமோவில் அவனுக்கு முடியெல்லாம் கொட்டியது. எனக்கு எந்த மருந்தும் இல்லாமலேயே கொட்டியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் சமமாக நின்றோம். அதுவும் நிலைக்கவில்லை. குணமானதும் அவனுக்கு முன்பைவிட அடர்த்தியாக, சுருட்டை சுருட்டையாக வளர்ந்தது.

டாக்டர் ஆடலாம் என்றுவிட்டார். கிளப்பும் பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லியிருந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் அவன் என் கம்பெனிக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பனியன் தொழில்காரர்கள் நாங்கள் சேர்ந்து பந்து ஆடுவது அவனுக்குத் தெரியும்.

"மாமா, ஞாயித்துக்கெழம உங்க மேட்ச்சுல நானும் ஆடறனுங்க."

"உனக்கு எதுக்கு மாப்ள எங்க தொப்பை மேட்ச்சு?"

"எவனாவது இடிச்சுத் தள்ளுனா நான் எந்திரிப்பனான்னு எனக்கே தெரியலீங்க. அது தெரியாம எப்படிங்க முகாமுக்குப் போறது?"

இதைக் கேட்ட என் மனைவி வேறு மாதிரி முடிவு செய்தாள். "ஆடட்டும். ஆனா ஒருத்தன் அவம் மேல படப்படாது. நீங்கதான் பாத்துக்கோணும்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் செக்கிங் டேபிளில் ஓட்டையோ கறையோ இருக்கிற பீஸில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். எந்த அவசரத்திலும் அது நல்ல பீஸோடு கலந்துவிடாது, செகண்ட்ஸ் என்று தனியாகப் போய்விடும். அதே கணக்குத்தான். ஒரு டீம் வெள்ளை, ஒரு டீம் நீலம். மச்சினனுக்கு மட்டும் நல்ல சிவப்பில் ஒரு பனியன். ஓட்ட வேகத்தில்கூடப் பார்த்தவுடனே ஒதுங்கிவிடலாம். நானே துணி எடுத்துக் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மைதானத்தில் அவன் பனியனை விரித்துப் பார்த்தான். வளர்ந்ததே பனியன் ஊரில், விளக்கம் தேவைப்படவில்லை.

"என்னய செகண்ட்ஸ்ல போட்டுட்டீங்களா மாமா?"

"சேஃப்டி மாப்ள."

போட்டுக்கொண்டு வெள்ளை டீமில் இறங்கினான். நான் நீலத்தில் பேக்.

அப்படி ஒரு ஆட்டத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. அவன் பந்தோடு வந்தால் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு வழிவிடுவது மாதிரி விலகினார்கள். சாயப்பட்டறை மேனேஜர் ஒருவர் "வாங்க வாங்க" என்றே சொல்லிவிட்டார். எங்கள் கோல்கீப்பர் என் கம்பெனி டெய்லர், திருநெல்வேலிக்காரர். "ஏ, மொதலாளி மச்சினரு வாராரு, தொட்டுராதீய!" என்று கத்திக்கொண்டே பந்தை உள்ளே விட்டார். அவன் கோல் மேல் கோல் போட்டான். ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

இடைவேளையில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"ஆசுபத்திரில படுத்திருந்தப்பக்கூட இப்படிச் சீக்காளியா இருந்ததில்லீங்க மாமா" என்றான்.

இரண்டாம் பாதியில் என்னை நோக்கி வந்தான். நான் விலகத்தான் கால் எடுத்தேன், சத்தியமாக. என் இரண்டு காலுக்கும் நடுவில் பந்தைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். என் மனைவி எழுந்து நின்று கை தட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு ஒருமுறை தட்டியிருக்கிறாளா? விருந்தாளிகள், மாதுளை ஜூஸ், சுருட்டை முடி எல்லாம் ஒன்றாக மண்டைக்கு ஏறியது.

அடுத்த முறை வந்தான். நான் விலகவில்லை. முழு எடையோடு தோளில் மோதிப் பந்தைக் காலால் வாரினேன். சுத்தமான டேக்கிள், மாவட்ட நாட்களில்கூட அப்படிப் போட்டதில்லை. அவன் சிவப்பாகப் பறந்து புழுதியில் விழுந்தான்.

அவன் அசையவில்லை. கழுத்துத் தழும்பு மேல் மண் ஒட்டியிருந்தது. 'கொன்றுவிட்டேன்' என்று நினைத்தேன். அந்தக் கழுத்தில் கட்டி கரைய வேண்டும் என்று காங்கேயம் பக்கம் போகும்போதெல்லாம் சிவன்மலைக்கு நேராகக் கையெடுத்துக் கும்பிட்டவனும் நான்தான். அதை வீட்டில் சொன்னதில்லை. அவனை நோக்கி ஒரு அடி வைத்தேன். அப்படியே மல்லாந்து சாய்ந்தேன்.

மனைவி ஓடி வந்தாள். என்னைத் தாண்டித்தான் ஓடினாள்.

கண் திறந்தபோது மேலே சுருட்டை முடி தெரிந்தது. புழுதியும் பல்லுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிச்சுட்டனுங்க மாமா. நீங்க ஏனுங்க படுத்துட்டீங்க?"

"உன்னயப் பாக்கத்தான்..."

சிவப்புப் பனியனைக் கழற்றி என் நெஞ்சு மேல் போட்டான். "இது உங்களுக்குத்தானுங்க பொருந்தும்."

பொருந்தவில்லை. தொப்புளுக்கு மேலே நின்றுவிட்டது. ஆனாலும் மீதி ஆட்டம் முழுக்க அதோடுதான் ஆடவிட்டார்கள். ஒருவரும் என் பக்கமே வரவில்லை. பந்தோடு தனியாகக் கோல்வரை போனேன். வெளியே அடித்தேன். அவனை மட்டும் ஆள் மாற்றி ஆள் இடித்தார்கள். விழுந்தான், எழுந்தான், திட்டினான். சந்தோஷமாக இருந்தான்.

முகாமுக்குப் போனான். போன மாதம் டிவியில் காட்டிய ஒரு மேட்ச்சில் கடைசிச் சில நிமிடங்களுக்கு அவனை இறக்கினார்கள். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கியவுடனே பனைமரம் மாதிரி ஒரு வெளிநாட்டு பேக் வந்து அவனைச் சாய்த்தான். அவள் நகம் என் கையில் இறங்கியது. அவன் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு ஓடினான்.

அந்த டேக்கிளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். வர்ணனையாளர்கள் புகழ்ந்தார்கள்.

"இதென்ன பெரிய டேக்கிள்?" என்றேன். "பந்துல காலே படல பாரு."

"பேசாம உக்காருங்க" என்றாள். கையை மட்டும் விடவில்லை.

அந்தப் பனைமரத்தின் மேல் எனக்கு வயிறு எரிந்தது. மச்சினனைத் தள்ளிவிடுவது என் வேலை.