ரிலேக்குள் நான் வைத்த கம்பி

ஹான்ஸின் வலக்கையை எரித்தவன் நான்தான்.

விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பொலிஸ் அப்படி எழுதியது, காப்புறுதிக்காரர் அப்படி எழுதினார், அதன் கீழே ஹான்ஸே கையெழுத்து வைத்தார்... இடக்கையால்! நீங்களும் அப்படியே நம்பிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு வயதாகிவிட்டது. ஒருவரிடமாவது சொல்லாமல் இனி முடியாது.

எண்பதுகளின் பிற்பகுதி. என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. ஹான்ஸ் அங்கே தச்சர், என்னைவிட இருபது வயது மூத்தவர். பக்கத்து ஊரான திரிம்பாக்கில் தன் வீட்டுக் கொட்டகையில் அவர் ஒரு கார் செய்துகொண்டிருந்தார். ஆம், செய்துகொண்டிருந்தார்! பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பழைய கார் ஒன்றின் அடித்தளத்தில் பூட்டி, கார்பரேட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மோதி நொறுங்கிய வேறொரு காரின் எஞ்சினைப் பின்பக்கம் பொருத்தினார். அது பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் புது இனம். யாழ்ப்பாணத்தில் மினிபஸ்களுக்கு வயர் இழுத்தவன் நான் என்று அறிந்ததும், சனிக்கிழமைகளில் என்னையும் கூப்பிட்டார்.

அங்கே நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! வயரின் தடிப்பை நான் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பவன். அவரோ எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் எவ்வளவு மின்சாரம் இழுக்கும், வயர் எத்தனை மீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தார். எந்தக் குழாய் அழுத்தத்தைத் தாங்கும், பம்ப் ஏன் டாங்கியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், மிஞ்சும் பெட்ரோல் எந்த வழியாகத் திரும்ப வேண்டும்... ஒவ்வொன்றையும் வரைந்து, வாசித்து, சந்தேகம் தீர்ந்த பிறகே வாங்கினார். எங்கள் ஊரில் ஃபியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிட்டு வண்டியை எடுப்போம். அதையே கெட்டித்தனம் என்று எண்ணி வளர்ந்தவன், அந்த மேசைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கோவிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

அவர் தேர்ந்த பாகங்களில் ஒன்று, பம்புக்கான ரிலே. தீப்பெட்டி அளவுதான். எஞ்சின் சுற்றும்வரை பம்புக்கு மின்சாரம் விடும். எஞ்சின் நின்றால் உடனே அறுத்துவிடும். "இது ஒரு காவல்காரன்" என்றார் ஹான்ஸ். அந்தக் காவல்காரன் பழுதாக இருந்தான். எஞ்சின் ஓடும்போதே மின்சாரத்தை அறுத்தான். புதியது வர மூன்று வாரம். வாகனப் பரிசோதனைக்கோ ஐந்து நாள்தான் இருந்தது. தவறவிட்டால் அடுத்த தவணை எப்போது கிடைக்குமோ தெரியாது.

"இது இல்லாமல் ஓடக் கூடாது. தவணையை விடுவோம்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார்.

நான் ரிலேயின் மூடியைக் கழற்றினேன். இரண்டு முனைகளையும் ஒரு செப்புக் கம்பியால் இணைத்து ஈயம் வைத்தேன். மூடியைத் திரும்பப் பூட்டினேன். காவல்காரனைக் கொன்று, அவன் சட்டையை மட்டும் தொங்கவிட்டேன்! சாவி போட்டிருக்கும்வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் வந்ததும், உள்ளே தூசி இருந்தது, துடைத்தேன், சரியாகிவிட்டது என்றேன்.

ஏன் செய்தேன்? அவர் என்னைப் பார்த்து ஒரு தடவையாவது வியக்க வேண்டும்... அவ்வளவுதான்.

வியந்தார். எஞ்சின் சீறிக் கிளம்பி நிற்காமல் ஓடியபோது அவருடைய கண் கலங்கியது. உள்ளே போய் இரண்டு கிளாஸும் வைன் போத்தலும் கொண்டுவந்தார். அவருடைய ஜெர்மனை என் தமிழில் சொல்கிறேன்: "இண்டையிலயிருந்து நான் உனக்கு ஹான்ஸ். நீ எனக்கு சிவா. இனி 'நீங்கள்' வேண்டாம்." இந்த நாட்டில் அது சும்மா கிடைப்பதில்லை. எத்தனையோ வருடம் பக்கத்து வீட்டில் இருப்பவர்களே ஒருவரையொருவர் 'ஹெர்', அதாவது 'திரு', போட்டுத்தான் அழைப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரிசோதனையில் கார் தேறியது. வயர் வேலையைப் பார்த்த அதிகாரி பாராட்டினாராம்.

ஆடி மாத ஞாயிறு ஒன்றில் இருவரும் ஹவுன்ஸ்டைன் மலைப்பாதையில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் எஞ்சின் இருமி நின்றது. ஹான்ஸ் ஓரம் கட்டி, சாவியை அப்படியே விட்டு இறங்கி, பின்பக்கம் போனார்.

மலை முழுதும் அமைதி. அந்த அமைதியில் என் காலடியில் பம்ப் முனகிக்கொண்டிருந்தது...

எனக்கு விளங்கிவிட்டது! எங்கோ குழாய் கழன்றிருக்கிறது, எஞ்சின் நின்றிருக்கிறது, பம்ப் மட்டும் சூடான இரும்பின் மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது. சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திருப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சத்தம் திடீரென்று நின்றால்தானே, இவ்வளவு நேரம் அது இருந்தது அவருக்குத் தெரியவரும்? ஏன் ஓடியது என்று கேட்பாரே? என் கை மடியிலேயே இருந்தது. மூன்று நொடி... நான்கு நொடி...

அவர் எஞ்சின் மூடியைத் திறந்தார். தீ எழுந்தது. அதன் பிறகு சாவியைத் திருப்பினேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

ரிலே உருகிப் போயிற்று. கழன்ற குழாயைப் பிடித்திருந்த இறுக்கி மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு ஹான்ஸ் சொன்னார்: "அதை இறுக்கினது நான்தான், சிவா. என்ர பிழை. உன்னையும் கொல்லப் பாத்திட்டன், மன்னிச்சுக்கொள்." என்னிடம் மன்னிப்புக் கேட்டார்!

அறைத்தோழர் யோகண்ணையிடம் மட்டும் அழுது சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ போய்ச் சொன்னால் அந்தாளின்ர கை பழையபடி வருமோ?"

"இல்லை அண்ணை."

"உன்ர கேஸ் முடியேல்லை. பொலிசுக்குப் போனால் பிளேன்லதான் ஏத்துவாங்கள். வாயைப் பொத்திக்கொண்டு இரு."

இருந்தேன். இரண்டு வருடத்தில் விசா கிடைத்தது. அதன் பிறகு யாருக்குப் பயந்தேன்? இறுக்கி தளர்ந்தது அவருடைய பிழையாகவே இருக்கட்டும். அது காரை நிறுத்தியிருக்கும், அவ்வளவுதான். எரித்தது என்னுடைய பிழை.

விரல்கள் மூன்று மடங்காமல் போனாலும், ஹான்ஸ் தச்சு வேலைக்குத் திரும்பினார். ஆனால் தன் கையை அவர் மறுபடி நம்பவேயில்லை. ஒரு கதவுப் பிணைச்சல் பூட்டினாலும், ஓர் ஆணி முடுக்கினாலும், "ஒருக்கா நீ பார்" என்று என்னைக் கூப்பிடுவார். வேறு ஊருக்கு மாறிய பிறகும், இத்தனை வருடமும் அதற்காகவே ரயிலேறிப் போய் வருகிறேன்.

போன மாதமும் கூப்பிட்டார். அவருக்கு எண்பது கடந்துவிட்டது. குளியலறையில் மனைவி பிடித்து நடக்க ஒரு கைப்பிடி பூட்டியிருந்தார். பூட்டி மூன்று நாளாகியும் மனைவியைத் தொடவிடவில்லை. நான் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. சுத்தமான வேலை.

"சரியாயிருக்கு, ஹான்ஸ்" என்றேன்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "சிவா பாத்திட்டான். இனிப் பயமில்லாமல் பிடி."