சுற்றி உரித்த பூவரசு

உப்புவெளியில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே, வேலியோடு ஒரு பூவரசு நின்றது. காலையில் மஞ்சளாக விரியும் பூ, மாலையில் செம்மை படர்ந்து வாடும். பக்கத்து வீட்டுக்காரர் மீன்பிடிப்பவர். உப்புநீரில் நின்று நின்று அவர் கால்களில் கரப்பான் புண். அவர் மனைவி அந்த மரத்தின் பட்டையை உரித்து அவித்து, அந்த நீரால் புண்ணைக் கழுவுவாள். கொஞ்சத்தைக் கருக்கித் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவாள். ஒரு பக்கத்தில் கையகலம் மட்டுமே உரிப்பாள். அது மூடி வளர்ந்த பிறகுதான் மறுபக்கம். சுற்றிவர உரித்தால் மரம் பட்டுப்போகும்.

அது எனக்கும் தெரியும். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற நான், உல்லாசப் பயணிகளுக்கென இரண்டு அறைகள் கட்ட நினைத்தேன். மரம் இடைஞ்சல். பொது வேலியில் நிற்கும் மரத்தைக் கேளாமல் தறிக்க முடியாது, கேட்டால் மறுப்பார்கள். ஒரு ஞாயிறு, அவர்கள் பூசைக்கும் என் மனைவி சந்தைக்கும் போயிருந்த வேளையில், பட்டையைச் சுற்றிவர உரித்தேன்.

இலைகள் கொட்டத் தொடங்கியதும் என் மனைவி வேலியடிக்குப் போனாள்.

"உன்னை விட்டா ஆரடி அதில கத்தி வைக்கிறது?"

"மாதாவாணை அக்கா, நான் ஒரு பக்கம்தான் உரிச்சனான்."

"அப்ப மற்றப் பக்கத்தைப் பேயே உரிச்சது?"

நான் கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பட்ட மரத்தைத் தறித்ததும், அது நின்ற இடத்தில் மதிலும் அதை ஒட்டி என் இரண்டு அறைகளும் வந்தன. தினமும் கறி மாற்றிக்கொண்ட இரண்டு வீடுகளுக்கும் இடையே கதைபேச்சு நின்றுபோனது. என் மனைவி கடைசிவரை அவளோடு பேசாமலே கண்ணை மூடினாள்.

போன மாதம் என் காலிலும் கரப்பான். ஆஸ்பத்திரிக் களிம்புக்கு அது கேட்கவில்லை. நான் நொண்டுவதைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரி ஒரு பை நிறையப் பட்டையோடு வந்தாள். பழைய மரம் சாகுமுன் அதில் பச்சையாய் இருந்த ஒரு தடியை வெட்டித் தன் கிணற்றடியில் நட்டிருக்கிறாள். அந்த மரத்துப் பட்டை.

"பிள்ளை, வேலி மரத்தைப் பட்டுப்போக வைச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும் ஐயா. உரிச்ச பட்டை முழுக்க உங்கட குப்பைக் கிடங்கிலதானே கிடந்தது. மருந்துக்கு எடுக்கிறவள் எறிவாளே?"

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லி, உங்கட வீட்டுக்க சண்டை மூட்டவே?" வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஆனா அக்கா இருக்கேக்க நீங்கள் அவவிட்டச் சொல்லியிருக்கலாம்."

பட்டையை அவிக்கப் பையைக் குசினிக்குக் கொண்டுபோய் அவிழ்த்தேன். துண்டுகள் எல்லாம் கையகலத்தில்தான் இருந்தன.