ஆரிச் சட்டமும் செம்புத் தகடும்

எங்கள் வீட்டு முன்னறையில் இப்போது நாற்காலி போட இடமில்லை. நாலடி நீள மரச்சட்டம் ஒன்று இரண்டு கால்களின் மேல் கிடக்கிறது. அதில் எப்போதும் யாராவது ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைத் துணி விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். துணிக்கு அடியில் இடக்கை பட்டு நூலைப் பிடித்திருக்க, மேலே வலக்கையில் ஆரி ஊசி இறங்கி, நூலைத் தன் நுனிக் கொக்கியில் மாட்டி மேலே கொண்டுவரும். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி. அப்புறம் ஜரி, பாசி, கல். ஒரு ரவிக்கையின் கைகளுக்கு மட்டுமே மூன்று நாள் போய்விடும். வருகிறவர்கள் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போகிறார்கள். என் கணவர் தினமும் ஒரு முறை அதில் முழங்காலை இடித்துக்கொள்கிறார்.

நான் ஆசைப்பட்டு ஆரம்பித்த தொழில் என்று தெருவில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என் மகள் மறுபடி வெடிக் கம்பெனிக்குப் போய்விடக் கூடாது என்று ஆரம்பித்தது.

அவள் வேதியியல் படித்தவள். ஏழாயிரம்பண்ணையைத் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் மேற்பார்வை வேலை பார்த்தாள். வெடிமருந்தின் அளவைச் சரிபார்ப்பது பாதி வேலை. மீதிப் பாதி, காலையில் வாசலில் நிற்பது. உள்ளே போகிற பெண்கள் பருத்திதான் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துத்தான் அவள் விட வேண்டும். பட்டு, நைலக்ஸ், பாலியஸ்டர் கூடாது. உரசினால் பொறி கிளம்பும். கொலுசு, வளையல், ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் கழற்றிவிட வேண்டும். செல்போன் கேட்டில் உள்ள மரப்பெட்டிக்குள் போய்விடும். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளங்கையை அதில் ஒரு நிமிடம் வைத்து, உடம்பில் ஏறிய மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். இதையெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளைவிட மூத்த பெண்கள் அவளை மேடம் என்று கூப்பிட்டு, பின்னால் போய்த் திட்டுவார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

போன தீபாவளி சீசனுக்கு முன்னால் அங்கே ஓர் அறை வெடித்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள். எங்கள் ஊர் திருத்தங்கலில் சத்தம் கேட்கவில்லை. அச்சகத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு யாரோ படம் அனுப்பி, அவர் எனக்குப் போன் செய்தார். நான் மகளுக்குப் போட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எத்தனை முறை என்று தெரியாது. போன் கேட்டில் உள்ள பெட்டிக்குள் கிடக்கிறது, யாராலும் எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விரல் நிற்கவில்லை. எடுக்காத அந்த மணி இன்னும் என் காதில் இருக்கிறது. யாருடைய போன் நாலு முறைக்கு மேல் அடித்தாலும் எடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் வேனில் வந்து இறங்கினாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். அவள் என்னைத் தாண்டி, எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம்தான் உள்ளே வந்தாள்.

ஆரி வேலை எனக்கு முன்பே தெரியும். டவுனில் நாற்பது நாள் வகுப்புக்குப் போய்ப் படித்து, சொந்தக்காரர்களுக்கு மாதம் ஒன்றிரண்டு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். விபத்துக்குப் பத்து நாள் கழித்து, அவளைக் கேட்காமல், நான் செய்த ரவிக்கைப் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டேன். அம்மாவும் மகளும் சேர்ந்து செய்கிறோம், ஆர்டர் எடுக்கிறோம் என்று எழுதினேன். தை மாதத்துக்குள் பதினோரு ரவிக்கை சேர்ந்துவிட்டது. கம்பெனியைத் திரும்பத் திறந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"இம்புட்டு ஆர்டரை நான் ஒத்தையில என்ன செய்வேன்? இத முடிச்சுட்டுப் போ," என்றேன்.

அவள் சரி என்றாள். முடிய முடிய நான் புதிதாக வாங்கிப் போட்டேன். பங்குனி முகூர்த்தம் வந்தது, சித்திரை வந்தது. கண்ணாடியின் நம்பர் கூடியது. கழுத்தைத் திருப்பினால் பிடறியில் கம்பி இழுத்தது. ஒரு நாள்கூட நான் ஆர்டர் வேண்டாம் என்று யாரையும் அனுப்பவில்லை.

அவள் நன்றாகத்தான் செய்தாள். என்னைவிட நேர்த்தி. ஆனால் ஒவ்வொரு முறை சட்டத்தின் முன் உட்காரும்போதும் முதலில் ஜன்னல் கம்பியைத் தொடுவாள். தண்ணீர் குடிக்க எழுந்து போய் வந்தாலும் தொடுவாள். நான் பார்க்காதது போல இருப்பேன். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், கடையிலிருந்து வந்த புதுத் துணியை நெகிழிப் பையிலிருந்து உருவினேன். பட்டும் பையும் உரசிச் சடசடவென்றது. மற்றவர் காதுக்கு அது ஒரு சத்தமே இல்லை. அவள் எழுந்து வாசல்வரை போய்விட்டாள். பாசிக் கிண்ணங்கள் கவிழ்ந்து மூன்று நிறப் பாசியும் அறை முழுக்க ஓடியது.

"ஒண்ணுமில்ல, பை," என்றேன்.

"தெரியும்," என்றாள். கேட்டில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

அன்று பொழுது சாயும்வரை இருவரும் தரையில் உட்கார்ந்து பாசி பொறுக்கினோம். பத்திரமான இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்று நான் நம்பிய இடத்தில்தான் அவள் தினமும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். புரிந்தது. புரிந்தும் மறுநாள் இன்னொரு ஆர்டர் வாங்கினேன்.

அந்த ஆர்டர், அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெண்ணுடையது. என் மகள் வேலை பார்த்த அதே கம்பெனியில் அவளுக்குத் திரி வைக்கும் வேலை. போன மாதம் அவளுக்கே ஒரு ரவிக்கை செய்து கொடுத்திருந்தேன். இது அவள் மகளின் கல்யாணத்துக்கு. இரண்டு கையிலும் கிளி கேட்டிருந்தாள்.

தாளில் கிளியை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளை குத்தி, அந்தத் தாளைத் துணிமேல் வைத்து வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் படம் துணியில் இறங்கும். ஒரு கைக்கு இறக்கிவிட்டு, அடுத்த கைக்குத் தாளைத் திருப்பிப் போட வேண்டும். அப்போதுதான் கிளிகள் எதிரெதிராகப் பார்க்கும். ஆரி வகுப்பின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம். நான் திருப்பவில்லை. இரண்டு கையையும் போட்டு முடித்த பிறகு மகள்தான் பார்த்தாள். இரண்டு கிளியும் ஒரே பக்கம் பார்த்தன.

அவள் ஒரு கையைப் பிரிக்க உட்கார்ந்தாள். சங்கிலித் தையலில் கடைசி முடிச்சை நறுக்கி நூலை இழுத்தால் மளமளவென்று ஓடி வந்துவிடும். இரண்டு நாள் வேலை கால் மணியில் நூலாக மடியில் கிடந்தது. பாசி தைத்த இடங்களில்தான் நேரம் எடுத்தது. அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணும் வந்து சேர்ந்தாள்.

"என்ன மதினி, நல்லாருக்கீகளா? அடடே, எங்க மேடம் இங்கன உக்காந்து பாசி பிடுங்குறாகளா?"

நான் தப்பைச் சொன்னேன். அவள் சட்டத்தின் மேல் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு கிளியும் மாப்பிள்ளையப் பாக்காம வாசலப் பாக்குதே. எம் மகளுக்கு ரெண்டும் எடக்கைன்னு நெனச்சுட்டீக போல."

"ரெண்டு நாள்ல சரியாக்கித் தந்துருவோம்."

"அதெல்லாம் நீங்க செஞ்சுருவீக. போன தடவ செஞ்சு குடுத்தீகள்ல, செவப்பு ஜாக்கெட்டு, நேத்து அதத்தான் போட்டுட்டு வேலைக்குப் போனேன். வேலை முடிஞ்சு அப்பிடியே ஒரு சடங்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு. கூட வேல பாக்குற அம்புட்டுப் பேரும் கேட்டாளுக, எங்க செஞ்சன்னு. நாலு ஆர்டர் வரும் பாருங்க ஒங்களுக்கு."

மகளின் கை நின்றது.

"கம்பெனிக்கு உள்ளயா?" என்று கேட்டாள்.

"பின்ன? வெளிய கழத்தி வச்சுட்டா போவாக?"

"வாசல்ல யாரு நிக்கா?"

"யாரு நிக்கா. பெரியவரு ஒருத்தரு ஸ்டூலப் போட்டு உக்காந்துருக்காரு. பொம்பளைக வந்தா பாவம், தலையக் குனிஞ்சுக்கிடுவாரு. எது நைலக்ஸு, எது பருத்தின்னு அவருக்கு என்ன தெரியும்? நீ இருந்தப்போ முந்தானையப் புடிச்சுக் கசக்கிப் பாப்ப. ஒன்னய நாங்க எம்புட்டு வஞ்சிருக்கோம் தெரியுமா?"

"தெரியும். கேட்டுருக்கேன்."

"கேட்டுட்டியா?" அவள் வாயில் கை வைத்துச் சிரித்தாள். "நான் கொஞ்சமாத்தான் வஞ்சேன் தாயி. கூட இருந்தவளுகதான் நெறைய."

என் மகளும் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்தச் சிவப்புப் பட்டு ரவிக்கையின் முதுகில் நான் ஐந்து வரிசை ஜரியும் அதற்கு மேல் உலோகச் சுருளும் வைத்துத் தைத்திருந்தேன். அது திரி வைக்கும் அறைக்குள் ஒரு முழு நாள் இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணை இந்த வீட்டுக்குள் வரவழைத்ததும் நான்தான்.

அவள் போன பின் மகள் மிச்சப் பாசியைப் பிரித்து முடித்தாள். தாளைத் திருப்பிப் போட்டுக் கிளியை இறக்கினாள். மூக்கை மட்டும் தைத்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தாள்.

"திங்கக்கெழம போறேன்மா."

"ஏழு ஆர்டர் கெடக்கு."

"நீ எடுத்தது."

"ஒனக்காகத்தான் எடுத்தேன்."

"அதுவும் தெரியும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்கும் நீதான வாசல்ல நின்ன," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. வாயை மீறி வந்துவிட்டது. "நீ பாத்து விட்ட ஆளுகதான உள்ள இருந்தது? பருத்திதான கட்டியிருந்தாக? அப்பிடியும் நடந்துச்சுல்ல? அப்புறம் நீ நின்னு என்னத்துக்கு?"

அவள் மடியில் இருந்த நூலைச் சுற்றினாள்.

"ஆமா. ரெண்டு பேரும் பருத்திதான் கட்டியிருந்தாக. நான்தான் பாத்தேன். அதனாலதான் இன்னைக்கு வர நான் சோறு திங்கேன். நாளைக்குப் பட்டுல ஒண்ணு நடந்தா என்னன்னும்மா திங்கது?"

நான் அவள் அப்பாவைத் தூது விட்டேன். அவர் அச்சகத்திலிருந்து வந்து, வழக்கம்போல முழங்காலை இடித்துக்கொண்டு, அவளிடம் பேசிப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்தார்.

"போகட்டும்," என்றார்.

"நீங்களுமா?"

"இங்கன மட்டும் அவ இருக்காளா?"

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பருத்திச் சுடிதார்களை எடுத்துப் போட்டேன். முதுகில் இருந்த ஜிப்புகளைப் பிரித்தேன். அவற்றை எடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை, மேலே கம்பெனிச் சட்டை போடுவோம், போதும் என்று அவள் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். ஜிப் இருந்த இடத்தில் துணியை உருட்டிப் பொத்தான் செய்து, பருத்தி நூலால் கண்ணி போட்டேன். ஒரு சுடிதாருக்கு ஆறு பொத்தான். ஏழெட்டு மாதமாக ஊர்ப் பெண்களின் துணியில் கம்பியும் கல்லும் ஏற்றிய கை, அன்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் பழைய நூல்வேலை கொஞ்சம் இருந்தது. பருத்தி நூல்தானா என்று நாலு முறை தேய்த்துப் பார்த்தேன். நம்பிக்கை வராமல் அதையும் பிரித்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேனில் போனாள். கேட்டிலிருந்து போன் வந்தது. "அம்மா, போனைப் பெட்டியில போடப் போறேன். கூப்பிடாத." அவ்வளவுதான். தினமும் அவ்வளவுதான். அந்த நேரத்திலிருந்து ஐந்து மணிவரை நான் சட்டத்தின் முன்னால் இருக்கிறேன். புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன். இருப்பதையே முடிக்க முடியவில்லை. நாலு கண்ணி போடுகிறேன், மணி பார்க்கிறேன். ரவிக்கை வாங்க வருகிறவர்களிடம், எந்தக் கம்பெனி என்று கேட்டு, வேலைக்கு இதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்த முதல் வாரம் புதன்கிழமை மூன்று மணிக்கு வாசலில் நிழல் ஆடியது. கிளி ரவிக்கைக்காரி. அதே சிவப்பு ரவிக்கை. முகமெல்லாம் வேர்த்து வழிந்தது.

"மதினி, ஒங்க மக செஞ்ச வேலையக் கேட்டீகளா? நிச்சயதார்த்த வீட்டுக்குப் போகணுமேன்னு இதப் போட்டுட்டுப் போனேன். வாசல்லயே நிறுத்திட்டா. வேன்காரன் போயிட்டான், பஸ்ஸுக்கு நின்னு வந்து சேர இந்நேரமாச்சு."

"அவ வந்துட்டது தெரியாதா?"

"நேத்தும் முந்தா நாளும் நான் லீவு. தெரிஞ்சா போடுவேனா? ஏத்தா, இது ஒங்கம்மா செஞ்சதுன்னு சொன்னேன். எங்கம்மாவே போட்டுட்டு வந்தாலும் உள்ள விடமாட்டேன்னு சொல்லுதா. கொழுப்பப் பாருங்க."

நான் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அண்ணாந்து குடித்துவிட்டு, சட்டத்தில் இருந்த தன் மகளின் ரவிக்கையைப் பார்த்தாள். கிளிகள் இப்போது எதிரெதிராகப் பார்த்தன.

"இப்பச் சரியா இருக்கு," என்றாள். வசவை அங்கேயே மறந்துவிட்டாள்.

அவள் போன பிறகு ஊசியை எடுத்தேன். உட்காருவதற்கு முன் என் கை ஜன்னல் கம்பியின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை. எடுக்காமல் அப்படியே நின்றேன். வேன் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.