விசாரணைக் கமிஷன் வாங்கிய பாய்லர்

என் அக்காவுக்கு எங்கள் தெருவில் இரண்டு பெயர். நேரில் பார்த்தால் சலூன் அக்கா. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் விசாரணைக் கமிஷன். இரண்டாவது பெயரை வைத்தவன் நான்தான், அது அவளுக்கும் தெரியும். ஒரு குடை வாங்க நான்கு கடை ஏறி இறங்கி, கம்பி எத்தனை, துணி எத்தனை நாள் தாங்கும், சாயம் போகுமா என்று குடைந்தெடுத்து, கடைசியில் மழையெல்லாம் ஓய்ந்த பிறகு குடையோடு வந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

ஆனால் அவள் அப்படியே பிறந்துவிடவில்லை. பத்தொன்பது வருஷம் இன்னொருவர் கடையில் நின்றபடியே தலை அலசி, முடி வெட்டி, காலில் நரம்பெல்லாம் புடைத்துப்போன பிறகுதான் எங்கள் வீட்டு முன்னறையைத் தன் கடையாக்கினாள். அப்போது ஒரு கான்ட்ராக்டர் வந்தான். "நீங்க எதுக்கு அலையறீங்க, சாமான் எல்லாம் நானே எடுத்துட்டு வந்துடறேன்" என்றான். நம்பிவிட்டாள். அவன் மாட்டிய தலை அலசும் தொட்டி மூன்றாம் மாதமே விரிசல் விட்டது. தண்ணீர் ஒழுகித் தரைப்பலகை ஊறி உப்பிக்கொண்டது. போன் செய்து பார்த்தால் ஆள் கம்பி நீட்டிவிட்டான். அன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் ஒரு திருகாணி வருவதாக இருந்தாலும் அவள் கண்ணால் பார்த்து, அவள் கையால் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும்.

குளிர் தொடங்கிய வாரம் எங்கள் பாய்லர் படுத்துவிட்டது. சமையலறைச் சுவரில் தொங்கும் அந்தப் பெட்டிதான் அறைகளுக்குச் சூடும் கடைத் தொட்டிக்குச் சுடுதண்ணீரும் தருவது. பழுது பார்க்க வந்தவர் மூடியைத் திறந்தார், பார்த்தார், மறுபடி மூடிவிட்டுக் கையை விரித்தார். புதுசுதான் போட வேண்டுமாம்.

அக்கா கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, வாளியில் விளாவி, குவளையால் மொண்டு ஊற்றித் தலை அலச ஆரம்பித்தாள். முதல் குவளை சுடும், நாலாவது குவளை சில்லென்று இருக்கும். வாடிக்கையாக வருகிறவர்கள் ஒவ்வொருவராக "அடுத்த மாசம் வரேன்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த மாசம் என்றால் என்ன அர்த்தம் என்று பஸ் ஓட்டுகிற எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா?

அதே சமயம் பார்த்து ஒரு நல்லதும் வந்தது. பக்கத்துத் தெருவில் நர்ஸ்களுக்கான விடுதி இருக்கிறது, மொத்தம் நாற்பது பேர். அதன் வார்டன் அம்மா ஒருநாள் கடைக்குள் வந்து நாலாபக்கமும் கண்ணை ஓட்டிவிட்டு, "ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை பத்துப் பேரைக் கூட்டிட்டு வரேன். பிடிச்சிருந்தா எல்லாரையும் உங்ககிட்டயே அனுப்பிடறேன்" என்று சொல்லிப் போனார். நாற்பது தலை! அது கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் அக்கா பழைய கடைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பழைய கடையின் சீருடையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். 

பாய்லர் மாட்டுகிறவர்கள் இரண்டு பேருக்குப் போன் செய்தாள். இருவரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில்: பாய்லரை நாங்கள்தான் கொண்டுவருவோம், நீங்கள் வாங்கி வைத்ததை மாட்ட மாட்டோம். அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"பாத்தியாடா? என் வீட்டுச் சுவத்துல என்ன தொங்கணும்னு அவன் முடிவு பண்ணுவானாம்."

"யாரோ எதையோ மாட்டட்டுமேக்கா. எனக்குக் குளிக்க வெந்நீர் வந்தா போதும்."

"நீ சும்மா இரு. அன்னிக்கும் இப்படித்தான் சொன்ன. தொட்டி வெடிச்சப்ப மாப்பு போட்டது யாரு, நீயா?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகு கமிஷன் கூடியது. நான்கு நாள் கடை கடையாக ஏறினாள். நோட்டில் நாற்பத்தொரு கேள்வி எழுதி வைத்திருந்தாள். உயரம், அகலம், எடை, சத்தம் எவ்வளவு வரும், உத்தரவாதம் எத்தனை வருஷம், உதிரிப் பாகம் கிடைக்குமா, எலி கடிக்குமா. கடைசியில் ஒரு கடைக்காரர் நாற்பத்தொன்றுக்கும் பதில் சொன்னார். அதற்காகவே அவரிடம் வாங்கினாள் என்று நினைக்கிறேன். என் சிநேகிதன் ஒருவனின் வேனில் பெட்டி வந்து முன்னறையில் இறங்கியது. நான் கத்தியை எடுத்துக்கொண்டு போனதும் கையைத் தட்டிவிட்டாள். மாட்டுகிறவர் வந்து பார்க்கும்வரை பெட்டியைப் பிரிக்கக் கூடாதாம்.

மூன்றாவதாகக் கிடைத்த ஃபிட்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், காதில் பென்சில், கையில் டார்ச். நீங்கள் வாங்கியதையும் மாட்டித் தருவேன், ஆனால் முதலில் வந்து பார்க்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை வந்தார். அப்போது சனிக்கிழமைக்கு ஐந்தே நாள் பாக்கி.

வந்தவர் பெட்டியின் பக்கமே போகவில்லை. குழாய்களைத் தொட்டுப் பார்த்தார், புகை போகும் ஓட்டையை அளந்தார், பின்வாசலில் நிற்கும் இரண்டு பெரிய சிலிண்டர்களைச் சுற்றி வந்தார். அதற்கப்புறம்தான் பெட்டிக்கு முன்னால் குந்தி, ஒட்டியிருந்த தாளில் பொடி எழுத்தைப் படித்தார்.

"அக்கா, இது எந்த கேஸுக்குன்னு கேட்டு வாங்குனீங்க?"

"எந்த கேஸுன்னா? கேஸுக்குத்தான்."

"லைன்ல வர்ற கேஸா, சிலிண்டரா?"

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் கேஸ் என்றால் சிலிண்டர்தான். கேஸ் தீர்ந்துபோச்சு, கேஸ் வந்தாச்சா, கேஸ்காரர் மணி அடிக்கிறார் பார். அந்தக் கடைக்காரர் இருக்கும் பகுதியிலோ தெருவெல்லாம் குழாய் பதித்து கேஸ் வருகிறது. அவருக்கு கேஸ் என்றால் அது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ஒரே வார்த்தையைப் பேசி, வேறு வேறு பாய்லரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எலி கடிக்குமா என்று கேட்டவள் இதைக் கேட்கவில்லை.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரித்துவிடுவேனோ என்ற பயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உடனே கடைக்குப் போன் போட்டாள். பெட்டி பிரிக்கவில்லை என்றதும் அவர், கொண்டுவாருங்கள், நாளைக்கே சிலிண்டருக்கு உள்ளதாக மாற்றித் தருகிறேன் என்றார். அக்காவுக்கு உயிர் வந்தது.

"மாத்திட்டு வந்துடறேன். நீங்க வெள்ளிக்கிழமை மாட்டிடுவீங்கல்ல?"

"மாட்டிடுவேன். ஆனா முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்க்கா. நீங்க வாங்கினது ஓடலன்னா நான் கடைக்காரரைக் கைகாட்டுவேன். அவரு மாட்டினது சரியில்லன்னு என்னைக் கைகாட்டுவாரு. நடுவுல நீங்க பச்சைத் தண்ணியோட நிப்பீங்க. நான் கொண்டு வந்ததுன்னா யாரையும் கைகாட்ட முடியாது, என்னைத்தான் திட்டணும். எப்படின்னாலும் எனக்குச் சரி. நீங்களே முடிவு பண்ணுங்க."

அக்கா பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. வாடிக்கையாக வருகிற தபால் அலுவலக அம்மா உள்ளே வந்து, கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். புதுத் தலைச்சாயம். வெளியூரிலிருந்து அவர் மகள் அனுப்பியதாம்.

"இதைப் போட்டுவிடும்மா. கூலியைக் குறைக்க வேண்டாம், எப்பவும் கொடுக்கிறதையே கொடுக்கறேன்."

அக்கா அந்த டப்பாவைத் தொடக்கூட இல்லை. "பையிலயே வைங்கம்மா. என் கடையில என் சாயம்தான் போடுவேன்."

"ஏன், இதுவும் நல்லதுதானே?"

"நல்லதாவே இருக்கட்டும். நாளைக்குத் தலை அரிச்சா யார்கிட்ட வருவீங்க? டப்பா செஞ்சவன்கிட்டயா? என்கிட்டதானே? கலந்தது நானா இருந்தாத்தானே நான் பதில் சொல்ல முடியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. ஃபிட்டர் டார்ச்சை அணைத்து அணைத்து எரியவிட்டுக்கொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டேன். "என்னடா இளிப்பு?" என்றாள். ஆனால் அவள் முகத்திலும் அசடு வழிந்தது.

தபால் அலுவலக அம்மாவை உட்காரவைத்து, துண்டைப் போர்த்திவிட்டு, ஃபிட்டர் பக்கம் திரும்பினாள். நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கம் புரட்டினாள். இந்த முறை விசாரணை பாய்லரைப் பற்றி இல்லை. எத்தனை வருஷமாக இந்த வேலை, லைசென்ஸ் எங்கே, கடைசியாக மாட்டிய மூன்று வீடு எது, பழுதென்றால் எத்தனை மணி நேரத்தில் வருவீர்கள், போன் எடுக்காவிட்டால் வீடு எங்கே. அந்தப் பெண் சளைக்காமல் பதில் சொன்னார். வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். அக்கா அந்த மூன்று வீட்டுக்கும் அன்று மாலையே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தாள் என்பதைச் சொல்லாவிட்டால் இது அவள் கதையே ஆகாது.

இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். "பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடு. அந்தப் பொண்ணே கொண்டு வரட்டும்." எனக்கு ரசம் ஊற்றினாள். "பயமா இருக்குடா."

அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. 

வெள்ளிக்கிழமை காலை புதுப் பாய்லர் சுவரேறியது. மத்தியானம் சிலிண்டரைத் திறந்து பொத்தானை அமுக்கினார்கள். எரிந்தது, பத்து எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடியும் எரிந்தது, அணைந்தது. ஆறு தடவை. அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.  கேள்வி நோட்டு கையில் மூடியபடியே இருந்தது.

ஃபிட்டர் மூடியைக் கழற்றி உள்ளே அரை மணி நேரம் பார்த்தார். "தீ எரியுதான்னு கவனிக்கிற பாகம் வரும்போதே கெட்டிருக்கு. புதுசுலயும் இப்படி ஒண்ணு வந்துடும்" என்றார். "சாமான் என்னோடதுக்கா. போய் மாத்திட்டு வரேன்." வேனைக் கிளப்பிப் போய்விட்டார். அந்த இரண்டு மணி நேரம் அக்கா தெருமுனையையே பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே மடித்த துண்டுகளை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். பழைய கான்ட்ராக்டரின் வேனும் இப்படிக் கிளம்பிப் போனதுதானே.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேன் திரும்பி வந்தது. பாகத்தை மாற்றினார். பாய்லர் எரிந்தது. அணையவில்லை. ஒரு மணி நேரம் எரியவிட்டு, ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் கையைக் கழுவினார், சுடுதண்ணீரில்.

மறுநாள் வார்டன் அம்மா பத்துப் பெண்களோடு வந்து, முதல் ஆளாகத் தானே தொட்டியில் தலையைச் சாய்த்தார். அக்கா மணிக்கட்டில் தண்ணீரை விட்டுப் பார்த்துப் பிறகு தலையில் விட்டாள். நான் லீவு போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெண்கள் கிசுகிசுவென்று சிரித்தார்கள். வார்டன் அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல், "மத்தவங்களையும் வாராவாரம் பத்துப் பத்துப் பேரா அனுப்பறேன்" என்றார்.

அக்கா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"கேட்டேன்க்கா. நாற்பது பேரும் வராங்களாமே!"

"அது இல்லடா." என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வார்டன் அம்மா தூங்கிட்டாங்கடா. இத்தனை நாளா கெட்டில் தண்ணியில ஒருத்தர்கூடக் கண்ணை மூடல. இவங்க என் கையில தலையைக் கொடுத்துட்டு அப்படியே தூங்கிட்டாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்தது யார் என்று கேட்டபடி வெளியே போனாள்.