பெவர்லிக்கு க்ளைவ் போடும் மார்க்

கண் விழித்ததும் பெவர்லி ஓல்ட்ராய்ட் அசையமாட்டார். இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நாடியை எண்ணுவார். அதற்குள் கணவர் க்ளைவ் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. நாற்பத்தொன்பது வந்தால் அன்று சைக்கிள் உண்டு. ஐம்பத்தைந்தைத் தாண்டினால் சந்தேகம்.

வயது ஐம்பத்தாறு. யார்க்‌ஷரில் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் சமையல் வேலை. ஞாயிறுகளில் நேரப் பந்தயம்: நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் மோதுவது. அதே கிளப்பில் நானும் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறேன். பெவர்லியைப் போல ஓட்ட முடியும் என்று சில நாள் நினைத்ததுண்டு. அவரைப் போல ஓட்டாமல் ஓய்ந்திருக்க ஒரு நாளும் என்னால் முடிந்ததில்லை.

செவ்வாயன்று கராஜில் நிறுத்திவைத்த சைக்கிளில் இருபது நிமிடம், இரண்டு தடவை, உயிர் போகிற மாதிரி மிதிப்பார். புதன் அதற்கு நேர்மாறு, சாலையில் ஆமை வேகம். ஒருமுறை கைப்பிடியில் முட்டைகோஸ் பை தொங்க ஒரு பெரியவர் எங்களை முந்திப் போனார். என் கால் தானாக அழுத்தியது. "எங்கடி பறக்குறே? அவருக்கு வீட்ல சமையல் இருக்கு, போகட்டும் விடு," என்று கையாட்டி அவரை வழியனுப்பினார் பெவர்லி. வெள்ளிக்கிழமை சைக்கிளையே தொடுவதில்லை. பள்ளியில் அது மீன் பொரிக்கிற நாள். இருநூறு பிள்ளைகளுக்குத் தட்டு தூக்குவதும் பயிற்சியில் சேர்த்திதான். "இது சம்பளத்துக்கு, இது ஆசைக்குன்னு காலுக்குத் தெரியுமா? அதுக்கு எல்லாம் பாரந்தான்."

சமையலறையில், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு நோட்டு கயிற்றில் தொங்கும். மைல், தூக்கம், நாடி என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'க்ளைவ்'. அன்றைக்கு மனைவி எவ்வளவு சிடுசிடுத்தார் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அவர் மார்க் போடவேண்டும். ஒன்று என்றால் பாத்திரம் கழுவும்போது பாட்டு. ஐந்து என்றால் க்ளைவ் தோட்டத்துத் தக்காளிக் கொட்டகையில் போய்ச் சாப்பிடுவார்.

"அலுப்பு காலுக்கு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நாக்குக்கு வந்துடும். எனக்குத் தெரியாது, இந்த மனுஷனுக்குத்தான் தெரியும்," என்பார் பெவர்லி. அடுத்தடுத்து இரண்டு நாள் நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் சைக்கிளுக்குப் பூட்டு.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன், உடம்பு சொன்னதைக் கேட்காமல் ஒரு பந்தயம் ஓட்டி முடித்தார். அப்புறம் எட்டு மாதம், மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவார். பள்ளி வேலையும் போயிருக்கும், மயிரிழையில் தப்பியது.

இருபத்தைந்து மைலை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். போன வருஷம் பதினான்கு விநாடியில் தவறிவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு லாயக்கான சாலை ஒன்றுதான். ஆகஸ்டில் அதிலும் சிக்னல் வைக்கிறார்கள், அதோடு பந்தயம் முடிந்தது. ஜூலைக் கடைசி ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு.

அன்று காலை ஆறரை மணிக்கு ஊர்ப் பொதுக்கூடத்தில் நான் பந்தயத்துக்கு வந்தவர்களுக்காக எலுமிச்சைக் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு இலை அசையவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வாய்க்கிற வானிலை. க்ளைவ் பெவர்லியின் முதுகில் முப்பத்தெட்டாம் எண்ணை ஊக்கால் குத்திக்கொண்டிருந்தார்.

"காலைல நாடி ஐம்பத்தெட்டு. பதற்றமாத்தான் இருக்கும். நீதான் ரெண்டு நாளா ரெண்டு ரெண்டுன்னு போட்டிருக்கியே," என்றார் பெவர்லி.

"ஆமா கண்ணு."

"ஆ! சதையில குத்துறே. கவனம் எங்க இருக்கு?"

"ஊக்கு சின்னது."

பெவர்லி திரும்பவில்லை. "யோவ் க்ளைவ். வெள்ளிக்கிழமை உன் மேல ஒரு வாணலியை வீசினேன்ல?"

"அது சின்ன வாணலி."

"நேத்து?"

"நேத்து மூடி மட்டுந்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"நிஜ மார்க்கைச் சொல்லு."

க்ளைவ் ஊக்கை மூடினார், திறந்தார். "வெள்ளி நாலு. நேத்து அஞ்சு. கொட்டகையிலதான் சாப்பிட்டேன். பதினாலே விநாடிம்மா. இன்னிக்கு விட்டா ரோடே கிடையாது. நான் எப்படி அஞ்சு போடுவேன்?"

"எட்டு மாசம் படியில கைத்தாங்கலா ஏத்தினது நீதானே?"

"நாந்தான்."

"அப்ப கழட்டு."

"மெதுவா ஓட்டிப் பாரேன்."

"முதுகுல நம்பர் இருந்தா எனக்கு மெதுவா ஓட்டத் தெரியாது. கழட்டுப்பா."

நான்கு ஊக்கையும் ஒவ்வொன்றாக எடுத்தார் க்ளைவ். எண்ணை நாலாக மடித்து க்ளைவின் சட்டைப் பையிலேயே செருகி, பையைத் தட்டிவிட்டுப் போனார் பெவர்லி.

புறப்படும் கோட்டில், வண்டி சாய்ந்துவிடாமல் ஒவ்வொருவருடைய சீட்டையும் பிடித்து நிற்பவர் ஸ்டான்லி, எழுபது தாண்டியவர். "உன் இடுப்புக்கு இன்னிக்கு லீவு. போ, கேக் சாப்பிடு," என்று பெவர்லி அவர் இடத்தில் குனிந்தார். தள்ளக் கூடாது, சரியான விநாடியில் கையை விடவேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவைகூட முந்தவில்லை, பிந்தவில்லை.

முப்பத்தேழாம் எண் போனதும் கோடு காலியானது. ஓட்ட ஆளில்லாவிட்டாலும் அடுத்த நிமிடம் முப்பத்தெட்டாம் எண்ணுக்கு, பெவர்லிக்கு உரியதுதான். நேரம் பார்ப்பவர் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. பெவர்லி புல்லில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, இரண்டு காலையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார், முப்பத்தொன்பதாம் எண்காரர் வண்டியை உருட்டிக்கொண்டு வரும்வரை.